எண்ணெய் பிடித்து வைத்திருந்தது

அன்று காலை கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, எட்டு மாத வயிற்றோடு அக்கா, நான். நின்றிருக்க வேண்டிய இருவர் இல்லை. ஒருவர் மச்சான், அக்காவின் கணவர். அக்காவைப் பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, தன் ஊரான ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்புக்கு உழவு ஓட்டப் போயிருந்தார். இன்னொருவர் திருச்சியில் எனக்குப் பாடம் எடுத்த மேடம். கல்லூரி ஆசிரியைக்கு எங்கள் கிணற்றடியில் என்ன வேலை என்று தோன்றலாம். சில வாரங்களுக்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், நாங்கள் நால்வரும் அங்கே அப்படி நின்றிருக்க மாட்டோம்.

கிணற்றில் மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் ஜிலேபிக் கெண்டை. வெள்ளை வயிறு மேலே தெரிய, சுவரோரம் ஒதுங்கி, வாளி எழுப்பிய அலையில் மெல்ல ஆடின. அம்மா ஒன்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"வெயிலுக்குச் செத்திருக்கும்" என்றார் அப்பா.

"ஐப்பசி மாசத்துல என்னாங்க வெயிலு?"

அக்கா கையில் சொம்பு இருந்தது. பாதி குடித்திருந்தாள். மீதித் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாதவள் போலச் சொம்பை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீதானடா டெஸ்ட் பண்ணுன?" என்றாள்.

ஆமாம். நான்தான் செய்தேன்.

அந்த இடம் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையோரம் பத்து சென்ட். வீடாவதற்கு முன்னால் அங்கே லாரிக்குப் பலகை அடிக்கிற பட்டறை இருந்தது. சிமெண்ட் மூட்டை ஏற்றும் லாரிகளின் அடிப்பலகை ஓயாமல் உடையும். உடைந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பலகை அடித்துத் தருவார்கள். அப்பா அங்கே பதினாறு வருஷம் வேலை பார்த்தார். அவருடைய வேலை பலகைக்கு எண்ணெய் பூசுவது. லாரி எஞ்சினில் இருந்து இறக்கிய கறுத்த பழைய ஆயிலை பேரலில் ஊற்றி, அதில் கரையான் மருந்தைக் கலந்து, கழியால் கலக்கி, தேங்காய் நாரால் பலகையின் இரண்டு பக்கமும் தேய்ப்பார். தேய்த்த பலகைகளை முற்றம் முழுக்கச் சாய்த்து வைத்துக் காயவிடுவார்கள். சொட்டுவதெல்லாம் மண்ணுக்குத்தான். பதினாறு வருஷமும் சொட்டியது.

"நம்ம பட்டறை மண்ணுல ஒரு கரையான் புத்து வச்சதில்ல தெரியுமா?" என்று அப்பா சொல்லுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

லாரிகளுக்கு இரும்புத் தளம் வந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். புல் முளைக்காத கறுப்பு மண், யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. விக்கிரமங்கலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் வயலில் நடவு நட்டவர்கள் நாங்கள். எங்கள் பெயரில் பட்டா என்று ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்பைத் தாண்டியவனும் குடும்பத்தில் நான்தான் முதல். அப்போது திருச்சியில் சுற்றுச்சூழல் வேதியியல் முதுகலை இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு எந்த மண்ணை எடுப்பது என்று மேடம் கேட்டபோது, எங்கள் மண்ணையே எடுக்கிறேன் என்றேன்.

ஊறுகாய் பாட்டிலில் ஒரு முழ ஆழத்து மண்ணும், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீருமாகக் கொண்டு போனேன். மண்ணில் கரையான் மருந்து இருந்த அளவைப் பார்த்துவிட்டு, கருவியில்தான் கோளாறு என்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். கோளாறு இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. அந்த மண்ணைத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் முழுக்கக் குலுக்கிப் பார்த்தேன். அப்போதும் தண்ணீருக்கு வந்தது துளிதான்.

எனக்குப் புரியவில்லை. மேடம் சிரித்தார்.

"கற்பூரத்தைத் தண்ணில போட்டா கரையுமா?"

"கரையாது மேடம்."

"சூடான தேங்கா எண்ணெயில? சளி பிடிச்சா உங்க வீட்ல நெஞ்சுல தேய்ப்பாங்களே."

"கரைஞ்சிடும்."

"இந்த மருந்தும் அப்படித்தான். அதுக்குத் தண்ணி பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். மண்ணுல மக்கிப்போன இலை தழையும் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். ஆனா மண்துகள் இடுக்குல தங்கிப்போன பழைய எண்ணெய் பிடிக்கிற மாதிரி எதுவும் பிடிக்காது. எண்ணெய் அங்க இருக்கிற வரைக்கும் மருந்து அதை விட்டு எங்கயும் போகாது."

அந்த வாக்கியத்தில் நான் எடுத்துக்கொண்டது பின்பாதியை மட்டும். எங்கயும் போகாது. முன்பாதியில் இருந்த நிபந்தனையைத் தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். வீட்டு விஷயம் என்றதும் அது காதில் தங்கவில்லை.

மேடம் இன்னொன்றும் கேட்டார். "வெறும் தண்ணிதானே ஊத்திக் குலுக்கின? வேற எதுவும் சேர்த்துப் பாக்கலியா?"

"மழைதானே மேடம் பெய்யப்போவுது. மழை வெறும் தண்ணிதானே?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

நான் ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். கிணற்று நீரில் பூச்சிமருந்து இல்லை, மண்ணிலிருந்து நீருக்கு இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். படித்துக் காட்டச் சொல்லி மூன்று முறை கேட்டார். மறுநாள் அதை டவுனுக்கு எடுத்துப் போய் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்தார். வீடு கட்டி முடித்ததும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அதை ஆணி அடித்து மாட்டினார். யாராவது வந்து, பட்டறைக் கிணற்றுத் தண்ணியையா குடிக்கிறீங்க என்று கேட்டால், விரலால் சுவரைக் காட்டுவார்.

"எம்புள்ள எழுதிக் குடுத்துட்டான்."

இன்னொரு சாட்சியும் வைத்திருந்தார். எப்போதோ ஒரு டிரைவர் விளையாட்டாகக் கிணற்றில் விட்ட நாலு மீன் அங்கேயே பெருகி வாழ்ந்துகொண்டிருந்தது. "மீனு பொய் சொல்லுமா?" என்பார்.

குடி வந்த பிறகு குறை சொன்னவள் அம்மா. முற்றத்தில் சாணித் தண்ணீர் தெளித்தால் மண்ணுக்குள் இறங்காது. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்தது போல உருண்டு உருண்டு ஓடி ஓரத்தில் தேங்கும். ஈரம் பிடிக்காத தரையில் கோலமாவு ஒட்டாது, ஒரு காற்றில் பறந்துவிடும். நடந்து வந்தால் உள்ளங்கால் கறுக்கும். வெயில் ஏறினால் லாரி அடியில் படுத்திருப்பது போல வாடை.

"எம்மவ தலப்பிரசவத்துக்கு வரப்போறா. வாசல்ல ஒரு கோலம் நிக்கல. வூடா இது? இன்னும் பட்டறையாத்தான் இருக்கு."

"பதினாறு வருசமா எண்ணெய் தேச்சிக்கிட்ட பூமி" என்றார் அப்பா. "ஒரு நாள்ல எறங்கிடுமா?"

"எண்ணெய் தேச்சா தலைக்கு ஊத்த வேணாமா? நீங்க ஊத்தாம வருசக்கணக்கா இருப்பீங்க, அது வேற கதை."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னேன்: "ஏன், பூமிக்கும் அரப்பு போடலாமே."

விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்னதும் எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. உசிலை இலையைக் காயவைத்து அரைத்த பொடிதான் அரப்பு. எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்த தலைக்கு அதைத்தான் போடுவோம். நுரைத்து எண்ணெயை எடுத்துவிடும். மண் கழுவும் முறைகள் பற்றி ஒரு பாடமே படித்திருந்தேன். ரசாயன சோப்பு வேண்டாம், இயற்கைப் பொருள், செலவும் இல்லை. படித்த பிள்ளை வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம் இருந்தது. அது இப்போது வந்து வாய்த்ததாக நினைத்தேன்.

பெரம்பலூர் சந்தையில் இரண்டு மூட்டை அரப்பு வாங்கினேன். ஒரு குடத்துக்கு எத்தனை கைப்பிடி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆவணி கடைசியில் ஆரம்பித்து மூன்று வாரம். அப்பா மண்வெட்டியால் கொத்திக் கிளறுவார், அம்மா கரைத்து ஊற்றுவாள், நான் தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பேன். தேநீர் நிறத்தில் நுரை எழும்பும். அந்த நுரைத் தண்ணீரை முற்றத்து மூலையில் கூரைத் தண்ணீர் விழும் பள்ளத்துக்குத் தள்ளிவிடுவோம். பள்ளம் குடிக்கும். மறுநாள் காய்ந்திருக்கும்.

கிணறு பள்ளத்திலிருந்து இருபது அடிக்கு அந்தப் பக்கம். தரைச் சரிவு கிணற்றை விட்டு விலகித்தான் போகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். தரைக்குக் கீழே எங்கள் ஊர் முழுக்கச் சுக்கான் பாறை, சுண்ணாம்புக்கல். மழைக்காலத்தில் அதன் வெடிப்புகளிலிருந்து கிணற்றுக்குள் தண்ணீர் பீச்சி அடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததையும் செய்துகொண்டிருந்ததையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

புரட்டாசி நடுவில் ஒரு காலை, சாணித் தண்ணீர் மண்ணில் இறங்கியது. அம்மா தெளித்த கையோடு அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்து பதினோரு புள்ளிக் கோலம் போட்டாள். சாயங்காலம் வரை நின்றது. அக்காவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அதே வாரத்தில் முற்றத்தில் எறும்பு வந்தது. பட்டறைக் காலத்திலிருந்து அந்த மண்ணில் எறும்பு ஊர்ந்து யாரும் பார்த்ததில்லை. கோலமாவை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போனது. மண்ணிலிருந்து மருந்து போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கே போனது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வளைகாப்பு முடிந்து அக்கா வந்தாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். இரண்டு பேருக்கும் பஸ்ஸுக்குக் கொடுக்க வீட்டில் இல்லை என்று ஒருத்தர் நிற்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் பேசினதே இல்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூமாதேவிக்கே தலைக்கு ஊத்திவுட்ட புள்ள நீ ஒருத்தன்தான்டா" என்றாள். "எனக்கும் நாலு கை தேச்சுவுடு."

இரண்டு நாள் நல்ல மழை. அதன் பிறகு வாளியில் தண்ணீர் சேந்தினால் விளிம்பில் லேசாக நுரை கட்டியது.

"தண்ணி வழுவழுன்னு இருக்குடா" என்றாள் அக்கா.

"அரப்புக்கா. தலைக்குப் போடறதுதானே, ஒண்ணும் பண்ணாது."

அவள் குடித்தாள். தலைப்பிரசவக்காரி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அம்மா வேறு மணிக்கொரு தரம் சொம்பை நீட்டினாள். பதினோரு நாள்.

மீன்கள் மிதந்த அன்று, அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய் மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அரப்பு என்றதும் மேடம் குறுக்கிட்டார்.

"உங்க அக்கா எத்தனை நாளா குடிக்கிறாங்க?"

"பதினோரு நாளு மேடம்."

"நிறுத்தச் சொல்லு. சமைக்க வேணாம், குளிக்க வேணாம், பாத்திரம் கழுவவும் வேணாம். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அப்பறம் தண்ணி, மண்ணு ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா." பிறகு, "கற்பூரம் சொன்னேனேப்பா" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அக்காவின் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார். "இப்ப ஒண்ணும் தெரியல" என்றார். அந்த மருந்து ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க அங்கே வசதியில்லை. "கொழந்த அசைவைக் கவனிச்சுக்கிட்டே இரும்மா. கொறஞ்சா உடனே வா." அன்றிலிருந்து அக்கா பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பாள். அசையும் வரை வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். சில சமயம் சீக்கிரம் அசையும். சில சமயம் அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

மறுநாள் திருச்சி பஸ்ஸில் பாட்டில்களை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு போனேன். முதல் தடவை செய்யாமல் விட்டதை அன்று செய்தேன். மிச்சம் வைத்திருந்த பழைய மண்ணை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒன்றில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் அரப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். ஒன்று தெளிந்து நின்றது. மற்றது கடைசிவரை கலங்கலாகவே இருந்தது, கருவியில் கொடுத்தபோது மருந்து அதில் நிறைய இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்த இரண்டாம் பாட்டிலைப் போலத்தான் இருந்தது, அளவில்தான் குறைவு. முற்றத்து மண்ணில் இருந்த மருந்தில் பாதிக்கு மேல் காலி.

அதாவது, பதினாறு வருஷத்து விஷத்தை எங்கள் காலடியில் அந்த அழுக்கு எண்ணெய்தான் இறுகப் பிடித்து வைத்திருந்தது. நான் அந்தப் பிடியைக் கழுவிவிட்டேன்.

டவுனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து அக்காவையும் அம்மாவையும் குடிவைத்தோம். மச்சான் ஆண்டிமடத்திலிருந்து வந்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "கேன் தண்ணி எங்க கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். அக்காவிடம், "தம்பியத் திட்டுனியா?" என்று கேட்டாராம். "திட்டுனா வவுத்துல இருக்கறது போயிடுமா?" என்றாளாம். அம்மா இதை எனக்குச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவும் நானும் வீட்டில் இருந்தோம். மண்ணை அள்ளிவிடலாம் என்று ஒரு டிப்பர் டிரைவரைக் கூப்பிட்டோம். "சுண்ணாம்புக்கல் தோண்டி வுட்ட குழி ஒண்ணு கெடக்கு சார், ரெண்டு நாள்ல கொட்டிடலாம்" என்றார்.

"அதுல தண்ணி நிக்குமா?" என்றேன்.

"நிக்கும் சார். ஆடு மாடுலாம் அதுலதான் குடிக்கும்."

அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கிணற்றை இறைக்கலாம் என்றால், இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி ஏரிக்குப் போகும். எதைத் தொட்டாலும் அது இன்னொருவர் வாசலுக்குப் போக வழி இருந்தது.

மேடம்தான் கரி என்றார். எண்ணெய் செய்த வேலையைக் கரியும் செய்யும், பிடித்தால் விடாது. வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஒருவரிடம் கரியை மூட்டை மூட்டையாக வாங்கி நொறுக்கினோம். முற்றம் முழுக்க மண்ணோடு கலந்து, பள்ளத்தை நிரப்பி, மேலே கனத்த பிளாஸ்டிக் விரித்து, சிமெண்ட் போட்டு மூடினோம். கிணற்றுத் தண்ணீரைக் கரி நிரப்பிய பேரல்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வடிந்ததைச் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்பினோம். அப்பா மறுபடியும் பேரலும் கழியுமாக நின்றார். பட்டறையில் அவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. கடைசியாகக் கிணற்றுக்கு மூடி போட்டோம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. ‘இதுவரை’ என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, அழுகை சத்தமாக இருந்தது. நல்லா இருக்கு என்றார் டாக்டரம்மா. இது தண்ணீரால் குறைந்த எடையா, இயல்பான எடையா என்று கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாதுப்பா" என்றார். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது. ஒவ்வொன்றும் உரிய மாதத்தில் நடக்கிறதா என்று நான் நோட்டில் எழுதுகிறேன். அக்காவுக்கு அது தெரியும். தெரியாதது போல இருக்கிறாள்.

ஒரு வருஷம் கழித்து, போன மாதம்தான் முதல் முறையாகக் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். ஆண்டிமடத்திலிருந்தே தண்ணீர் கேனைத் தூக்கி வந்திருந்தாள். எங்கள் வீட்டிலும் இப்போது விலைத் தண்ணீர்தான் என்றோம். "இருக்கட்டும்" என்றாள். குழந்தையைக் கடைசிவரை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. சிமெண்ட் முற்றத்தில் அம்மா போட்டிருந்த கோலத்தைக் குழந்தை எட்டி எட்டிப் பார்த்தது.

அவர்கள் போன பிறகு அப்பா சுவரிலிருந்து அந்த உறை போட்ட அறிக்கையைக் கழற்றினார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பலகைக்கு நம்பர் போடுகிற பழைய மார்க்கர் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாட்டித்தான் வைக்கப்போறேன்" என்றார். "ஆனா நீ எழுதுனதுக்குக் கீழ, ஆஸ்பத்திரி, வாடகை, கரி, சிமெண்டு, எல்லாம் சேத்து என்னா ஆச்சுன்னு எழுது. பாக்கறவன் ரெண்டையும் பாக்கட்டும்."

எழுதினேன். இரண்டு லட்சத்து எழுபத்து மூன்றாயிரத்து அறுநூறு ரூபாய்.